மூன்றாம் மணிக் கதையைச் சொல்லச் சொன்னது நான்தான்

நாலு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆலயத்தில் பிள்ளைகளுக்கான வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, நடந்துகொண்டிருந்தது. கோடை விடுமுறையில் பத்து நாள், காலை நேரத்தில் பாட்டு, விளையாட்டு, வேதாகமக் கதை, கடைசி நாள் பிரியாணி என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கொண்டாட்டம் அது. அந்தப் பத்து நாளில் எட்டாம் நாள் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் எழுதுகிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரியும்.

முதலில் என்னைப் பற்றி. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. வயது அப்போது நாற்பத்தெட்டு. எனக்கு இருந்த ஒரே கிறுக்கு, புத்தகம். அதிலும் எல்லாப் புத்தகமும் இல்லை. மாயாஜாலக் கதை, பேய்க்கதை, அறிவியல் இந்த மூன்றும்தான். படிப்பதோடு விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. படித்ததை நாலு பேர் தலையில் கட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாகர்கோவிலில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிற வாசகர் கூட்டம் ஒன்று உண்டு. ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் பதினைந்து, இருபது பேர் கூடுவோம். அங்கே என்னைப் பேசவிட்டால் மற்றவர்களுக்கு நேரம் இருக்காது.

எதற்கும் முந்திக்கொண்டு பேசுவேன் என்பதால் அங்கே என் பெயரே முந்திரிக்கொட்டை. நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன என்று ஒரு புத்தகத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கண்கலங்க வைத்திருக்கிறேன். நிழலை விற்றுப் பிழைக்கிற ஜனங்களைப் பற்றிய ஒரு மாயக்கதையை என் பேச்சைக் கேட்டே ஒன்பது பேர் வாங்கினார்கள். எறும்புகளைப் பற்றி ஒரு புத்தகம் உண்டு. அதைப் படித்த பிறகு சமையலறையில் எறும்புப்பொடி போட என் மனசு விடவில்லை, அதற்காக வீட்டில் வாங்கிய திட்டு தனி. இப்போது எழுதும்போதும் அந்தப் புத்தகங்களை நினைத்தால் கை பரபரக்கிறது. அந்தப் பரபரப்பு பொய்யில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

நான் புத்தகம் கொடுப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, அதில் என் கைப்பட எழுதிக் கொடுப்பேன். எந்தப் பக்கத்தில் புல்லரிக்கும், எந்தப் பக்கத்தில் கண்ணீர் வரும், எந்த அத்தியாயத்தை வீட்டில் ஆள் இருக்கும்போது படிக்க வேண்டும், இப்படி. கீழே தேதி, கையெழுத்து. மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவது மாதிரி ஒரு நினைப்பு எனக்கு.

ஆனால் சபையில் நான் வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவன், சபைக் கமிட்டியில் மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவன், நல்ல குரல் என்று பேர் வாங்கியவன். நான் பேய்க்கதை படிப்பது அங்கே யாருக்கும் தெரியாது. மறைத்தேன் என்று சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அதற்குப் பேர்தான் மறைப்பது.

தெரிந்த ஒரே ஆள் ஒரு டீச்சர். சபை நடத்துகிற சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. ஞாயிறு பள்ளியிலும் பாடம் எடுப்பார். முப்பது வயது இருக்கும். கணவர் மஸ்கட்டில், வீட்டில் மாமியாரும் இவரும் மட்டும். அந்த வருஷம் ஜூனில் அவர் வேலையை நிரந்தரமாக்குவது என்று சபையில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அந்த வீட்டில் அவர் வாசல் தாண்டி வெளியே வர அந்த வேலை ஒன்றுதான் காரணமாக இருந்தது. வேலை நிரந்தரமானால் பி.எட். முடிக்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் அவரே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் ஞாயிறு பள்ளிப் பாடத்தாள்களை வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், முன்னறையில் என் அலமாரிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "எது வேணும்னாலும் எடுத்துட்டுப் போ மக்கா, இங்க மனுசன் கால் வைக்க இடமில்ல" என்றாள். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. புது வாசகர் ஒருவர் கிடைப்பது என் மாதிரி ஆளுக்குத் தானாக வந்து மாட்டிய மீன்.

முதலில் எறும்புப் புத்தகம் கொடுத்தேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூட மதில் ஓரத்தில் பிள்ளைகள் குந்தியிருந்து எறும்பு பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். பிறகு நட்சத்திரம், பிறகு நிழல் விற்பவர்கள். அதன் பிறகுதான் பேய். பயப்படுவார் என்று நினைத்தேன். பயப்படவில்லை. என்னைவிட நன்றாகப் படித்தார் என்பதுதான் உண்மை. நான் பக்க எண் போட்டு, இங்கே புல்லரிக்கும் என்று எழுதிய இடத்தை விட்டுவிட்டு, நான் கவனிக்காத ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்து பேசுவார்.

அதில் ஒரு நாவலை மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அணை கட்டியதில் முழுகிப்போன ஓர் ஊரின் கதை. ஊர் முழுகினாலும் அதன் மணிக்கோபுரம் தண்ணீருக்கு அடியில் நிற்கிறது. கரையில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு அந்த மணி கேட்கும். முதல் மணிக்குக் கதவடைப்பார்கள். இரண்டாம் மணிக்கு விளக்கை அணைப்பார்கள். மூன்றாம் மணிக்கு, யார் பெயர் அழைக்கப்படுகிறதோ அவர் எழுந்து தண்ணீரை நோக்கி நடப்பார். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் இறங்கிக் கிடந்த ஒரு கோடையில், அங்கே கரையில் உட்கார்ந்தே அதில் பாதியைப் படித்தேன். முதுகுத்தண்டு சில்லிட்டுப் போனது. டீச்சர் அதைப் படித்துவிட்டு வந்து, "இது பேய்க் கதை இல்லண்ணா. கூப்பிடுற பேரு தனக்க பேரு இல்லன்னு கதவைச் சாத்திக்கிட்டு இருந்த ஆளுகளுக்க கதை" என்றார். அடுத்த சனிக்கிழமை வாசகர் கூட்டத்தில் அதை என் சொந்தக் கருத்தாக எடுத்துவிட்டேன். கைதட்டு கிடைத்தது.

அந்த நாவலைப் பற்றித்தான் மே மாதத் தொடக்கத்தில் அவரிடம் ஒரு யோசனை சொன்னேன். வி.பி.எஸ்.ஸில் பிள்ளைகளை உட்கார வைப்பது பெரும்பாடு என்று அவர் அலுத்துக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "மூணாம் மணிக் கதையச் சொல்லிப் பாருங்க டீச்சர், ஒரு பயலும் அசைய மாட்டான்" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார். நம்ம சர்ச்சிலயும் மூணு மணி அடிப்போமே என்று கேட்டார். அதுதான் விசேஷமே என்றேன் நான். சொன்னதோடு நிற்காமல், புத்தகத்தை மறுபடி எடுத்துக் கொடுத்து, ஏற்கெனவே ஒட்டியிருந்த துண்டுத் தாளின் கீழே ஒரு வரி சேர்த்தேன். பிள்ளைகளிடம் சொல்ல எண்பத்து நாலாம் பக்கம், மூச்சுவிட மாட்டார்கள், என் உத்தரவாதம். அப்படியே எழுதினேன்.

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலயங்களில் ஞாயிறு காலை மூன்று தடவை மணி அடிப்பது வழக்கம். முதல் மணிக்குக் குளித்து உடுப்போம். இரண்டாம் மணிக்கு வீட்டை விட்டு இறங்குவோம். மூன்றாம் மணிக்கு ஆராதனை தொடங்கும், அப்போது உள்ளே இருந்தாக வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒவ்வொன்றும் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த மணி அது.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு இடியும் கோடை மழையும் வந்தது. கரண்ட் போனது. மைக் இல்லை, பாட்டு இல்லை. மண்டபத்துக்குள் ஐம்பது, அறுபது பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, டீச்சர் பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒரு மூலைக்குக் கூட்டி அந்தக் கதையைச் சொன்னார். நான் சொன்னபடியே நடந்தது. ஒருவரும் மூச்சுவிடவில்லை. சத்தம் அடங்கியதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளும் நகர்ந்து நகர்ந்து வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டன. அதில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்ததை டீச்சர் கவனிக்கவில்லை. மழை விட்டதும் எல்லோரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் எனக்கு போன் செய்து, "அண்ணா, உங்களுக்க உத்தரவாதம் பலிச்சிட்டு" என்றார். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த நாள் முழுவதும் மிதந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சின்னப் பிள்ளை, முதல் மணி அடித்ததும் வீட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறது. இரண்டாம் மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மூன்றாம் மணி அடித்தபோது அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, போகாதே போகாதே என்று கதறியிருக்கிறது. என்ன ஏது என்று தெரியாமல் பெற்றவர்கள் பதறிவிட்டார்கள். சாயங்காலம் காய்ச்சல். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை, தூக்கத்தில் பிதற்றல். ஆலய மணியைக் கேட்டால் பிள்ளை பயப்படுகிறது என்றால் எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. அந்தப் பிள்ளையின் அப்பா வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து பூதப்பாண்டியில் கடை வைத்திருப்பவர், முன்கோபி, ஆனால் கெட்டவர் இல்லை. பிள்ளை வாயிலிருந்து கதையைக் கேட்டு வாங்கியதும் நேரே போதகரிடம் போனார். அவர் கோபப்பட்டதில் நான் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் போயிருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுவதாக அறிவித்தார்கள். ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை. இரண்டு விஷயங்கள் பேச வேண்டியிருந்தது. முதலாவது இந்தப் புகார். இரண்டாவது, சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு விழா மலருக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது. அந்த இரண்டாவதை நான் எத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு, அட்டையைத் திருப்பினால் தன் பெயர் அச்சில் இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை. என்னைத்தான் போடுவார்கள் என்று பரவலாகப் பேச்சும் இருந்தது.

டீச்சரைப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். வந்தார். பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். முதல் பக்கத்தில் என் கையெழுத்து, என் தேதி, என் உத்தரவாதம். புத்தகம் கை மாறிக் கை மாறி வந்தது. ஒருவர் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தார், ஒருவர் நடுவில் பிரித்து ஒரு வரி வாசித்து உச்சுக்கொட்டினார். என் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைத் திருப்பினேன். தாளைக் காணவில்லை. பசை இருந்த இடத்தில் காகிதத்தின் மேல்தோல் உரிந்து ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது.

அந்த நொடியில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, நன்றியும் இல்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதி. இந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

போதகர் நிதானமானவர். அவர் சத்தம் போடவில்லை. இது டீச்சராகத் தேடி வாங்கிய புத்தகமா, யாராவது வாசிக்கத் தந்ததா என்று கேட்டார். "ஒரு ஆளு தந்தது ஐயா. சொல்லணும்னா அவங்களே சொல்லுவாங்க" என்றார் டீச்சர். என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்துத்தான் சொன்னார். அதற்குப் போதகர், "அப்படி யாராவது இருந்தா, வந்து இது இன்ன புக்குதான், பிள்ளைகளுக்குச் சொன்னதுல தப்பு எண்ணம் ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த விஷயத்தை இத்தோட முடிச்சிரலாம்" என்றார். பிள்ளையின் அப்பாகூடத் தலையை ஆட்டினார். அவருக்கும் கோபம் பாதி வடிந்திருந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டார்கள். பேசுவதற்கே பிறந்தவன் போல ஊரெல்லாம் பேசித் திரிந்தவன் நான். அந்த அறையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரு குரல், எழும்பு, எழும்பு என்றது. இன்னொரு குரல், மலர் விஷயம் முடியட்டும், பிறகு தனியாகப் போதகரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றது. இரண்டாவது குரலுக்கு எப்போதும் நியாயம் நிறைய இருக்கும்.

யாரும் பேசாமல் இருக்கவே, போதகர் என் பக்கம் திரும்பி, நிறைய வாசிக்கிறவங்க, நீங்க என்ன நினைக்கீங்க என்று கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "சின்னப் பிள்ளைக இருக்குற இடத்துல கொஞ்சம் பாத்துச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். நியாயமான பேச்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. டீச்சர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு மன்னிப்புக் கேட்டார், பிள்ளையின் அப்பாவிடம் கைகூப்பினார், வெளியே போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலின் வாயால் கெட்டது வேறொருத்தி.

ஞாயிறு பள்ளியிலிருந்து அவரை விலக்குவது என்றும், பள்ளிக்கூட வேலையைப் பற்றி ஜூனில் யோசிப்பது என்றும் முடிவானது. யோசிப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிஷத்தில் அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். மலர் ஆசிரியராக என் பெயரைச் சொன்னார்கள். எதிர்ப்பே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஜன்னல் திறந்திருந்தது, வேப்பமரத்தடி பெஞ்ச் பத்தடி தூரம்கூட இல்லை.

வீட்டில் என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பம் நீங்க சொல்லலியா?" என்றாள். சமயம் வாய்க்கவில்லை என்றேன். "கேட்டாங்கல்லா. கேட்டதே உங்களத்தான" என்றாள். அன்றே போய்ச் சொல்லச் சொன்னாள், மறுநாள் சொல்லச் சொன்னாள், ஒரு வாரம் கழித்து அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். நான் மலருக்குப் பழைய புகைப்படங்கள் தேடுவதில் மும்முரமாக இருந்தேன். இது முடியட்டும், அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஜூன் வந்தது. பள்ளி திறந்தது. டீச்சருக்கு நிரந்தரமும் இல்லை, தற்காலிகமும் இல்லை. அவருடைய இடத்தில் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகுதான் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பகல் நேரம். மாமியார் வெளி வராந்தாவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. டீச்சர் உள்ளே போய் ஒரு துணிப்பை நிறையப் புத்தகங்களைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தார். என்னிடமிருந்து வாங்கியவை எல்லாம், ஒன்று விடாமல். மஸ்கட்டிலிருந்து கணவர், இனி வீட்டுக்குள் புத்தகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். பி.எட். பேச்சும் அத்தோடு முடிந்தது.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். நீளமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் பாதியில் நிறுத்தினார். "அண்ணா, நான் அந்தப் பேப்பரை எதுக்குக் கிழிச்சேன்னு நினைச்சீங்க? உங்களைக் காப்பாத்தன்னா?" என்றார். "பேப்பரப் பாத்து நாலு பேரு உங்களப் பிடிச்சா அது உங்களுக்கு அவமானம். நீங்களே எழும்பிச் சொன்னா அது மரியாதை. நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அதுல எனக்குக் கொஞ்சங்கூடச் சந்தேகம் இல்லாம இருந்து." குரல் உயரவே இல்லை. கடைசியாக, "இனி எனக்குப் புக்கு ஒண்ணும் சொல்லாண்டாம் அண்ணா" என்றார். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மாமியார் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் ஆகஸ்ட் ஆகிவிட்டது. அவர், இப்ப சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம், புதுசா வேலைக்கு வந்த பிள்ளைய வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். விழா வருகிறது, இதை இனி கிளற வேண்டாம் என்றும் சொன்னார். என் மேல் அவருக்கு இருந்த மரியாதை அன்றைக்குப் போனது, அவர் சொல்லாமலே தெரிந்தது. கமிட்டியிலிருந்து நானாக விலகினேன். உடம்புக்கு முடியவில்லை என்று காரணம் எழுதிக் கொடுத்தேன், அதுவும் பொய். மலர் நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அட்டையைத் திருப்பினால் என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. எனக்கு வந்த பிரதியின் கட்டை நான் இன்னும் பிரிக்கவில்லை.

வாசகர் கூட்டத்துக்கு இப்போதும் போகிறேன். என்ன படிக்கலாம் என்று புதிதாக வரும் இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் பழைய வீறாப்பு இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே, இவர்களுக்கு ஒரு சங்கடம் வந்தால் நான் எழும்பி நிற்பேனா என்று ஒரு கேள்வி வரும், பேச்சு தடுமாறும். வயசாகிவிட்டது என்று நினைக்கிறார்கள் போல.

டீச்சர் பிறகு ஒரு வருஷம் கழித்து நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார் என்று என் மனைவி மூலம் தெரியும். ஆராதனைக்கும் அவர் தன் அம்மா ஊர் ஆலயத்துக்குத்தான் போகிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம், நாகர்கோவில் வடசேரியிலிருந்து பூதப்பாண்டி போகும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கு இரண்டு சீட் முன்னால், ஜன்னல் ஓரம் அவர். நல்ல தடிமனான புத்தகம் ஒன்றை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பும்போது தனக்குத்தானே லேசாகச் சிரித்தார். வீட்டுக்குள் வேண்டாம் என்று விலக்கப்பட்டதை அவர் பஸ்ஸில் வைத்துப் படிக்கிறார் என்று புரிந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் சொல்லாமல், துண்டுத் தாள் எதுவும் இல்லாமல், அவராகவே தேர்ந்தெடுத்த புத்தகம். அது என்ன புத்தகம் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் செத்துவிடுவேன் போல இருந்தது. கழுத்தை நீட்டி அட்டையைப் பார்க்க முயன்றேன்.

அவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடி, அட்டை கீழே வரும்படி மடியில் கவிழ்த்து, அதன் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய நிறுத்தம் வரும்வரை அதைத் திறக்கவே இல்லை. அந்த அரை மணி நேரம்தான் ஒரு நாளில் அவருக்குக் கிடைக்கிற வாசிப்பு நேரமாக இருந்திருக்கும், அன்று அதையும் நான் கெடுத்தேன்.

படித்ததில் பிடித்ததை இன்னொருவர் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன், ஆனால் கொடுத்த கையை நான்தான் என்று உயர்த்த வேண்டிய ஒரு நாளில் அதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தவன் நான் என்பதை எந்தப் புத்தகத்தைத் தொடும்போதும் மறக்க முடியவில்லை.